அந்நியப் பொருள்

இரவு இரண்டே முக்கால்.
கல்முனை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
ஏசி தனக்குத்தானே இருமிக்கொண்டிருந்தது.
ஆதம்பாவா வந்தார்,
சாரத்தில் கிட்டங்கித் தண்ணீர் சொட்டச் சொட்ட,
இடது கையை வலது கையில்
வேறு யாருடையதோ போல ஏந்திக்கொண்டு.
"கெளுத்திட முள்ளு மகள்.
உடைஞ்சி உள்ளுக்குள்ள கெடக்கு."

கையை விரிக்கச் சொன்னேன்.
மூன்று விரல் விரிந்தது.
சின்னவிரலும் பக்கத்து விரலும் பாதியிலேயே நின்றன.
நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்:
மருதமுனையில், ஐஸ் உடைக்கிற மெசின், ஒரு வெள்ளிக்கிழமை.

கைக்கு மூச்சடக்கத் தேவையில்லை என்றேன்.
அப்படியும் அடக்கினார்.

திரையில், கருமைக்குள் வெள்ளை:
மணிக்கட்டின் எட்டுக் கற்கள்,
உள்ளங்கையின் ஐந்து தண்டுகள்,
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுச்சதையில்
சாய்வாக இன்னொன்று, ஓரத்தில் அரம்போலப் பல்.
அதே வெள்ளை.
எண்ணிப் பழகிய கண்
ஒரு கணம் அதையும் விரல் என்று எண்ணிவிட்டது.

முள் என்று சொல்லிவிடுகிறோம்,
தொண்டையில் சிக்குவதை, காலில் ஏறுவதை,
சுவரில் மணி காட்டுவதையும்.
இது செட்டைக் கதிர்.
சம்மாந்துறை வயலில் தலைசாய்வதும் கதிர்,
என் மெசினில் இருந்து புறப்பட்டு
அவர் கையை ஊடுருவிப் போனதும் கதிர்.
கதிரைக் கதிரால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
தூக்கக் கலக்கத்தில்.

வந்தாறுமூலையில் படித்த காலம்
செத்த மீனைக் கண்ணாடிபோல் ஆக்கி
எலும்புக்கு மட்டும் சிவப்பேற்றுவோம்.
அப்போது தெரிந்தது, ஒரு கதிர் ஒன்றல்ல, இரண்டு.
முகம் பார்த்து வைத்த இரண்டு பாதி,
நடுவே ரத்தமும் நரம்பும் போக ஒரு சந்து,
பாதி ஒவ்வொன்றும் துண்டு துண்டாய்க் கோத்தது.
அடியில் ஒரு பாதியைச் சற்று இழுத்தால் போதும்,
நுனிவரை வளைகிறது.
உள்ளே ஒரு நார்த் தசையும் கிடையாது.
தண்ணீர் தள்ளினால்
தள்ளுகிற பக்கமாகவே வளைந்து எதிர்க்கிறது.

கெளுத்திக்கு இந்த நெளிவு பிடிக்கவில்லைபோல.
முன்கதிரின் துண்டுகளை ஒட்டி ஈட்டியாக்கிற்று,
அடியில் ஒரு பூட்டும் வைத்தது.
மீன் செத்த பிறகும் பூட்டு லேசில் இளகாது.

செதில்தான் முதலில் என்கிறார்கள்.
உடம்பைப் போர்த்தியிருந்தவை
விளிம்புக்கு வந்து வரிசை கட்டிக் கதிராயினவாம்.
நாற்பது கோடி வருசத்துக்கு மேல். சாட்சிக்கு ஆளில்லை,
கல்லில் பதிந்ததைத் தவிர.
பிறகு ஒரு கிளை கதிரை வைத்துக்கொண்டது.
ஒரு கிளை கதிரை உதிர்த்து
அடிக்கட்டை எலும்பை நீட்டி நீட்டி
கரையேறி, வலை பின்னி,
கிட்டங்கியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசியது.
ஆனால் கருவுக்குள் போகிற கட்டளை பழையதுதான்:
நுனிக்கு வந்துவிட்டாய், ஏதாவது செய்.
அங்கே கதிர் விரிகிறது. இங்கே விரல்.

"எது என்ட, எது மீன்ட?"
பேனாவால் காட்டினேன்.
"ரெண்டும் ஒரே மாதிரித்தானே கெடக்கு."
ஓம் என்றேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
மீனின் வால்நுனியை நறுக்கிவிட்டு
இரண்டு கிழமை தொட்டியருகே குந்தியிருந்திருக்கிறேன்.
கதிர் வளர்ந்துவிட்டது, துண்டுக்கு மேல் துண்டாக,
கோணல்கூட இல்லாமல்.
அந்த இரண்டு அரை விரல்களை வைத்துக்கொண்டு
இதை எப்படிக் கேட்பார்?

படிவத்தில் ஒரு கட்டம்: அந்நியப் பொருள், உண்டு, இல்லை.
பேனா கொஞ்சம் நின்றது.
டொக்டர் காத்திருக்கிறார், கை வீங்குகிறது.
உண்டு என்று சரி போட்டேன்.

விடிய வெளியே வந்தபோது
அவருடைய சைக்கிள் வேப்பமரத்தடியில்.
கைபிடியில் தொங்கிய சிலிசிலிப் பையைக் கிழித்துக்கொண்டு
மறுபக்கத்து முள்
அப்படியே விறைத்து நின்றது.